சைக்கிளுக்கு அஞ்சலி எழுதுறதை நிப்பாட்டுங்கோ

யாழ்ப்பாணத்தில் சைக்கிளைப் பற்றி யார் எழுதத் தொடங்கினாலும் மூன்றாவது வரியில் தொண்ணூறாம் ஆண்டு வந்துவிடும். பொருளாதாரத் தடை, மண்ணெண்ணெயில் புகை கக்கி ஓடின மோட்டார் சைக்கிள், ஜாம் போத்தல் விளக்கு, டைனமோவைச் சுத்தி றேடியோவில செய்தி கேட்டது. பிறகு மதிலில சாத்தி வைச்ச ஒரு பழைய சைக்கிளின் படம். அதுக்குக் கீழ கனடாவில இருந்தும் லண்டனில இருந்தும் பெருமூச்சுகள்: "அது ஒரு காலம்!"

எங்களுக்கு இந்தக் கட்டுரைகளோட ஒரு வழக்கு இருக்கு. முடிஞ்சு போன காலமாக அதை எழுதுறதுக்கு இன்னும் நேரம் வரேல்லை. நம்பாட்டி விடியக்காலமை ஐஞ்சு மணிக்கு மருதனார்மடம் சந்தியில வந்து நிண்டு பாருங்கோ. கரியரில கத்தரிக்காய்ச் சாக்கும் ஹாண்டிலில ரெண்டு பக்கமும் கீரைக்கட்டுமாக உரும்பிராய்ப் பக்கத்தால சந்தைக்கு வாற ஐயாமார். சாந்தகப்பையையும் மட்டப்பலகையையும் உரப்பையில சுத்திக் கட்டிக்கொண்டு போற மேசன்மார். ஏழு மணி தாண்டினால் சாப்பாட்டுப் பார்சலை முன்கூடைக்குள்ள வைச்சுக்கொண்டு ரவுண் புடவைக்கடையளுக்குப் போற அக்காமார். பள்ளிக்கூடம் கூட்டுறவை, ஆஸ்பத்திரியில துப்புரவு வேலைக்குப் போறவை, வீடு வீடாகப் போய் ரியூசன் குடுக்கிற பெடியள். இவ்வளவு பேரும் காங்கேசன்துறை வீதியிலதான் போகினம். ஆனா இந்த ஊரின்ர கண்ணுக்கு இவையள் தெரியிறேல்லை. தெரியிறது 1990இல் ஓடின சைக்கிள் மட்டும்.

நினைவில் சைக்கிளைக் கும்பிடுற இதே ஊர்தான் றோட்டில அதை ஓரத்துக்குத் தள்ளுது. இது ரெண்டும் முரண் எண்டு நாங்கள் நினைக்கேல்லை. ஒண்டுக்கு ஒண்டு உதவி. ஒரு பொருளை நினைவுச்சின்னம் ஆக்கிவிட்டால் அதுக்குப் பிறகு அதுக்கு இடம் ஒதுக்கத் தேவையில்லை. நினைவுச்சின்னத்துக்கு பஸ் இடிச்சால் என்ன, விளக்கில்லாட்டி என்ன?

வரலாற்றை நாங்கள் மறுக்கேல்லை. 1990 யூனில் போர் திரும்பத் தொடங்கினதுக்குப் பிறகு பெற்றோல் உட்பட எத்தனையோ பொருள் குடாநாட்டுக்குள்ள வரத் தடை. மின்சாரமும் இல்லை. அந்த வருசங்களில் இந்தச் சனத்தைச் சுமந்தது சைக்கிள்தான். நோயாளியை, விறகை, அரிசியை, மண்ணெண்ணெயை, கிளாலிக் கரைக்குப் போன பயணத்தை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, நாவற்குழிப் பாலத்தில் உருட்டிக்கொண்டு போன சைக்கிளில்தான் பாதி வீடு இருந்தது. பிறகு வந்த காலத்தில் ஒவ்வொரு சென்றியிலும் இறங்கி உருட்டிக்கொண்டு போய், அப்பால ஏறி ஓடினது. இது எங்கட அம்மா அப்பாவின்ர கதை. நாங்கள் அதைச் சின்னதாக்க வரேல்லை.

ஆனா அந்தக் கதையை அவையள் எங்களுக்குச் சொல்லுற விதத்தில ஒரு முடிவு ஒளிஞ்சிருக்கு. சைக்கிள் எண்டால் கஷ்டம். கஷ்டம் முடிஞ்சுது. ஆகவே இறங்கு. இந்தக் கணக்கின்படி 2025இல் சைக்கிளில் வேலைக்குப் போற ஒருத்தர் ஏதோ பின்தங்கிப் போனவர், இன்னும் கரையேறாதவர். கலியாணப் பேச்சில "மாப்பிள்ளை என்னத்தில ஓடுறார்?" எண்டு கேக்கிற கேள்வி அதுதான். "இன்னும் சைக்கிளிலயோ?" எண்டதில இருக்கிற அந்த "இன்னும்" அதுதான்.

சரி, பாதையைப் பாப்பம். மருதனார்மடத்தில இருந்து யாழ்ப்பாண நகரத்துக்கு எட்டுக் கிலோமீற்றர் அளவில. இணுவில், தாவடி, கொக்குவில், தட்டாதெரு. ஒரு மேடு கிடையாது, ஒரு பள்ளம் கிடையாது. சைக்கிளுக்கெண்டே படைச்ச நிலம் மாதிரித் தட்டை. எங்கட ஏற்ற இறக்கம் காத்திலதான். வைகாசி ஆனியில சோளகம் தொடங்கினால் காலமை ரவுணுக்குப் போகேக்க முகத்தில அடிக்கும். மிதிச்சு மிதிச்சு நாரி கழண்டு போகும். பின்னேரம் அதே காத்து முதுகில கை வைச்சுத் தள்ளிக்கொண்டு வரும். மார்கழி வாடையில கணக்கு மாறும், கூடவே மழையும். காத்தோட எங்களுக்குக் கோபம் இல்லை. அது ஒருநாள் எடுத்தால் ஒருநாள் தரும். மழைத் தண்ணிக்குள்ள மூடிக் கிடக்கிற குழியோடும் ஒரு மாதிரிச் சமாளிக்கலாம்; எந்தக் குழி எங்க இருக்கெண்டு தினமும் போறவருக்குத் தெரியும்.

தராமல் எடுக்கிறது றோட்டின்ர விளிம்பு. போருக்குப் பிறகு காங்கேசன்துறை வீதி காப்பெற் வீதி ஆனது. நல்லது, நாங்களும் அதில வழுக்கிக்கொண்டு போறம். ஆனா தார் முடியிற இடத்தில மண் எத்தனை அங்குலம் கீழ கிடக்குது எண்டு காரில போறவருக்குத் தெரியாது. சைக்கிள்காரருக்குத் தெரியும், ஏனெண்டால் அவரின்ர உயிர் அந்த அங்குலத்திலதான் நிக்குது. பின்னால தனியார் பஸ் ஒண்டு மற்றதோட போட்டி போட்டு ஹோண் அடிச்சுக்கொண்டு வரும். நீங்கள் வெள்ளைக்கோட்டில போய்க்கொண்டிருப்பியள். கோட்டுக்கு இடப்பக்கம் சல்லிக்கல்லு, மண், பிறகு பொத்தெண்டு ஒரு இறக்கம். முன்சில்லு அதில இறங்கினால் திரும்ப ஏறாது. ஹாண்டில் மடியும், விழுறது வலப்பக்கம், பஸ்ஸின்ர பக்கம். இறங்காமல் கோட்டிலேயே போனால் பஸ் தோளில உரசும். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு பஸ்ஸுக்கும், இந்த ரெண்டில ஒண்டை அரைச் செக்கனில தெரியவேணும். ரிப்பர் எண்டால் தெரிவே இல்லை, இறங்கவேண்டியதுதான். இதைத்தான் நாங்கள் "வேலைக்குப் போறது" எண்டு சொல்லுறம்.

தார் உள்ள அந்த ஓரமும் முழுசா எங்களுக்குக் கிடைக்குமோ எண்டால் அதுவும் இல்லை. கடை வாசலில காரை நிப்பாட்டிக் கதவைத் திறப்பினம். வங்கிக்கு முன்னால, மருந்துக்கடைக்கு முன்னால, கோயிலுக்கு வாற நாளில ஆஞ்சநேயர் கோயில் பக்கம் வரிசையா. வீதியை அகலிக்கேக்க மதிலை இடிச்சினம், மரத்தைத் தறிச்சினம், வேலியைப் பின்னுக்குத் தள்ளினம். அப்பிடிக் கிடைச்ச இடம் இப்ப நிண்டுகொண்டிருக்கிற வாகனத்தின்ர இடமாகிப் போச்சு. ஓடிக்கொண்டிருக்கிற சைக்கிளுக்கு அதில பங்கில்லை.

ஆரிட்டப் போய்க் கேக்கிறது? ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் பொறுப்பு. சி, டி வகுப்பு வீதிகள் மாகாணத்தின் பொறுப்பு. மிச்ச ஒழுங்கையள் பிரதேச சபைக்கு. மருதனார்மடத்தில் பெரிய வீதி ஒருத்தருக்கும் சந்தை இன்னொருத்தருக்கும் சொந்தம்; சந்தை வலிகாமம் தெற்குப் பிரதேச சபையின் கீழ். சைக்கிள்காரர் போறது இந்த ரெண்டுக்கும் இடையில உள்ள விளிம்பில. நிர்வாகப் படத்திலயும் அது விளிம்புதான். அரசியல்வாதியளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போகேலாது. யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ஒரு கட்சியின்ர சின்னம். 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தல் வாக்குச்சீட்டிலயும் அது இருந்தது. சின்னம் வைச்சிருக்கிறவை, வைச்சிருக்காதவை எண்டு நாங்கள் பிரிச்சுக் கேக்கேல்லை, எல்லாருக்கும் சேர்த்துத்தான் கேள்வி: சபைக்குள்ள போன பிறகு இந்த விளிம்பைப் பற்றி ஆர் வாய் திறக்கப் போறியள்?

இனிப் பெண்களின் கதை. வேலைக்குச் சைக்கிளில் போறவையில அரைவாசிக்கு மேல பெண்கள் எண்டுதான் எங்கட கண்ணுக்குப் படுது. புடவைக்கடை பூட்ட ஏழு, ஏழரை ஆகும். பண்டிகைக் காலத்தில அதுக்கும் மேல. கொக்குவில் தாண்டினால் ஒரு விளக்கு எரியும், நாலு எரியாது. எதிர்ப்பக்கம் வாற வாகனத்தின்ர வெளிச்சம் கண்ணைக் குத்தேக்க முன்னுக்கு இருக்கிற குழியும் தெரியாது, நாயும் தெரியாது. பக்கத்தில ரெண்டு பேராக மோட்டார் சைக்கிளில வந்து வேகத்தைக் குறைச்சு "தனியவோ?" எண்டு கேட்டுக்கொண்டு வாறவையும் இருக்கினம். அதைப் பற்றி வீட்டில சொன்னால் வாற பதில் என்ன தெரியுமோ? "இதுக்குத்தான் ஒரு ஸ்கூட்டி எடு எண்டு சொன்னனான்."

தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோட சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் பழக்கியது. ஷீலா ராணி சுங்கத் அப்போ மாவட்ட ஆட்சியர். இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பழகினார்கள் எண்டு பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். தண்ணி எடுக்க, சந்தைக்குப் போக, பிள்ளையைப் பள்ளியில விட ஆம்பிளையைக் காத்துநிக்கத் தேவையில்லாமல் போச்சு. அது அங்க ஒரு இயக்கமாக நடந்த அதே வருசங்களில், எங்கட அம்மாமார் ஒரு இயக்கமும் சொல்லாமலே பங்கருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையில சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தவை. இராமநாதன் 1913இல் பெண்பிள்ளைகளுக்கெண்டு மருதனார்மடத்தில் கல்லூரி தொடங்கினார். 1921இல் திருநெல்வேலியில் தொடங்கின பரமேஸ்வராக் கல்லூரியின் இடத்தில்தான் இப்ப எங்கட கலைப்பீடம். இந்த ரெண்டுக்கும் இடையில தலைமுறை தலைமுறையாகப் பெண்பிள்ளையள் சைக்கிளில போய் வந்திருக்கினம். அந்த உரிமையை ஆரும் தரேல்லை. இப்ப இருட்டும் பஸ்ஸும் சேர்ந்து அதைச் சத்தமில்லாமல் பறிச்சுக்கொண்டிருக்கு. பறிக்கிறதுக்குப் பேர் "வசதி".

அந்த வசதியின்ர விலையைக் கணக்குப் பாருங்கோ. 2025 ஏப்ரலில தனியார்துறையின் ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 27,000 ரூபாவாக இருந்தது. போய்வர 16 கிலோமீற்றர், மாதம் 26 நாள் எண்டால் 416 கிலோமீற்றர். லீற்றருக்கு 40 ஓடுற ஸ்கூட்டிக்குப் பத்து லீற்றருக்குக் கொஞ்சம் கூட வேணும். 2025இன் நடுப்பகுதியில் பெற்றோல் லீற்றர் 300 ரூபாவை ஒட்டி நிண்டது. அப்ப வேலைக்குப் போறதுக்கே 3,100 ரூபா, சம்பளத்தின் பத்தில் ஒரு பங்குக்கும் மேல. அது எண்ணெய் மட்டும். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியாருக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள்; அந்த இடைக்காலத்தில் பழைய ஸ்கூட்டியும் தங்கம் மாதிரி விலை போனது. கையில காசில்லாட்டி லீசிங். மாதக் கட்டுப்பணம், காப்புறுதி, வரிப்பத்திரம், சேர்விஸ். வேலைக்குப் போறதுக்காக வாகனம் எடுத்து, வாகனத்துக்காக வேலைக்குப் போற நிலை. லுமாலா ஒண்டுக்கு வருசத்தில ரெண்டு ரயர், நாலு பஞ்சர் ஒட்டு, கொஞ்ச எண்ணெய். சைக்கிள் கடை ஐயா ரியூப்பைத் தண்ணிச் சட்டிக்குள்ள அமத்திக் குமிழி தேடுற நேரத்தில ஊர்ப்புதினமும் கேட்டுப்போடலாம், அதுக்குக் காசில்லை. ஸ்கூட்டி எடுக்கிற அக்காமாரை நாங்கள் குறை சொல்லேல்லை. அந்த இருட்டில நாங்களும் அதைத்தான் யோசிப்பம். குறை, அவையளுக்கு அதை விட்டால் வேற வழி இல்லாமல் செய்து வைச்சவையில.

2022 ஞாபகம் இருக்குத்தானே? அது எங்கட வயசுக்காரரின்ர "ஒரு காலம்". யூன் கடைசியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா, அதுவும் வரிசையில ரெண்டு நாள் நிண்டால் கிடைக்கலாம். யூன் 27 ஆந் திகதி, யூலை 10 வரைக்கும் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எண்ணெய் எண்டு அறிவிச்சினம். பிறகு கியூஆர் முறை வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அந்த மாதங்களில் பழைய சைக்கிளெல்லாம் கொட்டிலில இருந்து வெளியில வந்தது. உத்தியோகத்தர்மார் காற்சட்டைக் காலை மடிச்சுக் கிளிப் போட்டுக்கொண்டு ஓடினவை. புதுச் சைக்கிள் விலை கைக்கெட்டாமல் ஏறினது. பஸ்காரரும் கொஞ்சம் அடங்கித்தான் போனவை, ஏனெண்டால் றோட்டே சைக்கிள்காரரின்ர கையில இருந்தது. அப்பகூட ஒருத்தரும் ஒரு வெள்ளைக்கோட்டைத் தள்ளிப் போடேல்லை. எண்ணெய் வந்தது, சைக்கிள் திரும்பக் கொட்டிலுக்குள்ள போனது, முகப்புத்தகத்தில படம் மட்டும் மிஞ்சினது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மேசன்மாரும் அக்காமாரும் திரும்பத் தனிய நிண்டினம்.

வெளிநாட்டைப் பார் எண்டால் உடன "அது வெள்ளைக்காரன்ர ஊர்" எண்டு சொல்லுவியள். பொறுங்கோ. எங்கட கோட்டையைத் திருத்திக் கட்டின ஒல்லாந்தரின்ர நாட்டில 1971இல் வீதி விபத்தில் செத்தவை சுமார் 3,300 பேர். அதில 400க்கும் மேற்பட்டோர் பிள்ளைகள். அந்த நேரம் அவையளும் எங்களை மாதிரித்தான், சைக்கிள் பழசு, கார்தான் முன்னேற்றம் எண்டு தெருவெல்லாம் காருக்குக் குடுத்துக்கொண்டிருந்தவை. மகளைப் பறிகுடுத்த ஒரு பத்திரிகையாளர் எழுதின கட்டுரையின்ர தலைப்பு "பிள்ளைக் கொலையை நிறுத்து" எண்டது. அதே பேரில ஒரு இயக்கமே எழும்பினது. தாய்மாரும் பிள்ளையளும் தெருவை மறிச்சு இருந்தினம். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து ஞாயிற்றுக்கிழமையில கார் ஓடத் தடை போட்டபோது, கேக்கிறதுக்கு ஆக்கள் ஏற்கெனவே றோட்டில நிண்டினம். கியூபாவையும் பாருங்கோ. சோவியத் ஒன்றியம் விழுந்து எண்ணெய் வராமல் போனபோது, சரியா எங்களுக்குத் தடை இருந்த காலத்தில, சீனாவில இருந்து பத்து இலட்சத்துக்கும் மேல சைக்கிள் இறக்கினார்கள். ஹவானாவில் கடலுக்குக் கீழால போற சுரங்கப்பாதைக்குச் சைக்கிளையும் ஆளையும் சேர்த்து ஏத்துற பஸ் விட்டார்கள். ஆனா எண்ணெய் திரும்பினதும் அங்கயும் சைக்கிள் குறைஞ்சு போச்சு. எங்களுக்கு இதிலதான் அக்கறை. நெருக்கடி தன்பாட்டில ஒண்டையும் மாத்தாது. எங்களுக்கு ரெண்டு நெருக்கடி வந்து போயிட்டுது, ரெண்டிலயும் நாங்கள் சமாளிச்சதைப் பற்றிப் பெருமைப்பட்டம். கேக்கேல்லை.

மறுப்புகள் எங்களுக்குத் தெரியும். வெயில் எண்டுவியள். வெயிலில வீதியோரம் நிண்ட மரத்தை வெட்டினது சைக்கிள்காரர் இல்லை. இடம் இல்லை எண்டுவியள். கார் நிப்பாட்ட இருக்கிற இடத்தை அளந்துபோட்டுப் பேசுவம். "முதலில பஸ்ஸைத் திருத்தவேணும்" எண்டு ஒரு நண்பர் சொன்னார், அதில நியாயம் இருக்கு. பஸ் ஒழுங்காக ஓடினால் போட்டி ஓட்டமும் குறையும், எங்கட தோளும் தப்பும். ரெண்டையும் சேர்த்துக் கேக்கிறதில என்ன தடை?

நாங்கள் கேக்கிறது பெரிய நகரத்துச் சைக்கிள் பாதை இல்லை. தாரும் மண்ணும் ஒரே மட்டத்தில இருக்கிற ஒரு மீற்றர் ஓரம். மருதனார்மடத்தில இருந்து நகரம் வரைக்கும் எரியிற விளக்கு. சந்தியில இருந்து நூறு மீற்றருக்கு வீதியோரம் வாகனம் நிப்பாட்டத் தடை. சந்தைக்குப் பக்கத்தில கூரையோட ஒரு சைக்கிள் நிறுத்துமிடம். வெயிலில நிண்ட சீற்றில குந்திப் பாத்தவருக்கு இது ஏனெண்டு விளங்கும். வேலைத்தலங்களுக்கும் ஒரு வார்த்தை. எங்களில ஒருத்தர் பின்னேரம் வேலை செய்யிற கடையின்ர முன்பக்கம் "வாடிக்கையாளர் வாகனங்களுக்கு மட்டும்" எண்டு பலகை. ஊழியரின்ர சைக்கிள் பின் ஒழுங்கையில, கானுக்குப் பக்கத்தில. ரெண்டு தரம் காத்துப் போக்கிவிட்டினம், ஒருதரம் பெல்லையே கழட்டிக்கொண்டு போட்டினம். முதலாளி தன்ர இளமைக்காலத்தில சைக்கிளில பட்ட பாட்டைப் பற்றி அருமையாக் கதைப்பார்.

"இப்ப ஆர் சைக்கிள் ஓடுகினம்?" எண்டுறதுதான் கூட்டங்களில கடைசியா வாற பதில். அதைச் சொல்லுறவை ஒருத்தரும் எண்ணிப் பாத்ததில்லை. நாங்கள் எண்ணப் போறம். வாற மாதம் வேலைநாள் ஒண்டில, காலமை ஐஞ்சில இருந்து எட்டரை வரைக்கும், பிறகு பின்னேரம் ஐஞ்சில இருந்து எட்டு வரைக்கும், சந்தியின்ர நாலு பக்கமும் ரெண்டு ரெண்டு பேர். ஆம்பிளை, பொம்பிளை, பள்ளிப்பிள்ளை, சுமையோட, லைற் இருக்கோ இல்லையோ எண்டு தனித்தனியாக் கோடு போடவேணும். அந்தத் தாளை அடுத்த வருச பட்ஜெற்றுக்கு முன்னம் பிரதேச சபைக்கும் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கும் கையில குடுப்பம். இப்ப ஐஞ்சு பேர் இருக்கிறம், இன்னும் மூண்டு பேர் வேணும். கொப்பியும் பேனையும் நாங்கள் தருவம். விடிய எழும்பத் தெரிஞ்சால் போதும், சைக்கிளில வந்தால் இன்னும் நல்லது, நிப்பாட்ட இடம்தான் பாத்துக்கொள்ளவேணும்.